வீரய்யா அராவிய பல்பு

மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பெரியதுரையின் காரை ஓட்டிய வீரய்யாவுக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு தாள்தான் தேவைப்பட்டது. பத்துச்சீட்டு. 'இவனும் இவன் பெண்சாதியும் தோட்டத்தை விட்டுப் போகலாம்' என்று துரை கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் துண்டு. அது இல்லாமல் போனால் வேறு எந்தத் தோட்டத்திலும் பெயர் பதியமாட்டார்கள், குடியிருக்க லயத்து வரிசையில் ஒரு காம்பராவும் கிடைக்காது. இலங்கைக்குச் சுதந்திரம் வந்த கையோடு 'நீ இந்த நாட்டு ஆளில்லை' என்று தள்ளிவிடப்பட்ட தோட்டத்துச் சனத்துக்கு வேறென்ன தாள் இருந்தது, சொல்லுங்கள்!

அவனுக்காகக் கேட்கவில்லை, மனைவி அங்கம்மாவுக்காகக் கேட்டான். ஐப்பசி பிறந்தால் அவளுக்கு இழுப்பு வந்துவிடும். கூடையோடு மலை ஏறுகிறவள் பாதி வழியில் குந்திவிடுவாள். நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சத்தம். தோட்டத்து மருந்தையா ஒளிக்காமல் சொல்லிவிட்டார்: இந்தக் குளிர் இவளுக்கு ஆகாது, கீழே கொண்டுபோ, இல்லாவிட்டால் ஏதாவது ஒரு மழைக்காலத்தில் போய்விடுவாள். ஹாலிஎலைப் பக்கம் வெயில் படுகிற தோட்டமொன்றில் இருவரையும் சேர்த்துக்கொள்வதாக அங்குள்ள கங்காணி வாக்குக் கொடுத்திருந்தார். பத்துச்சீட்டோடு வரவேண்டும், அவ்வளவுதான்.

ஐம்பத்தாறாம் ஆண்டு புரட்டாசியில் வீரய்யா போய்க் கேட்டபோது துரை முடியாதென்று சொல்லவில்லை. காரின் முன்விளக்குகள் யுத்தத்துக்கு முந்தியவை. பசறையைத் தாண்டி மலை ஏறினால் பனிமூட்டத்தில் அவற்றின் வெளிச்சம் பீடி நெருப்பு மாதிரித்தான் தெரியும்.

"மாசக் கடைசி கிளப்பு விருந்து. அதுக்கு முன்னாடி நல்ல லைட்டு போடு. சீட்டு தாரேன்," என்றார் துரை.

பதுளையில் கராஜ் வைத்திருந்த ஹுமைத் நானா கைதேர்ந்த மெக்கானிக். வாய்தான் கொஞ்சம் நீளம். வீரய்யா கழற்றிக்கொண்டு போன பழைய பல்பைத் திருப்பிப் பார்த்துச் சிரித்தார்.

"இது ரெண்டு பக்கமும் முளை வெச்ச பல்பு. இப்ப வாற நல்ல பல்பெல்லாம் கழுத்துல வட்டத் தட்டு வெச்சது. ஓங்கட லைட்டுக் கிண்ணத்துல அது உக்காராது வீரய்யா."

"கொஞ்சம் அராவிட்டா உக்காருமுங்களா நானா?"

"உக்காரும். உக்காந்து என்னத்துக்கு? உள்ளுக்கு எரியிற கம்பி கிண்ணத்துல அதுக்குரிய எடத்துல நிக்கணும். ஒரு நெல்லு அளவு தள்ளினாலும் வெளிச்சம் ரோட்டுல விழாது, மரத்து உச்சியில விழும். ஓங்கட பெட்டரி வேற ஆறு வோல்ட்டு. அதுக்கேத்த பல்பும் கிண்ணமும் ஜோடியா கொழும்புல இருந்து எடுத்துத் தாறேன். அதப் போட்டா எந்த மடையனும் பல்பு மாத்துவான். ஆறு கிழமை பொறுங்க."

ஆறு கிழமை! மாதக் கடைசிக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. அங்கம்மா அப்போதே படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து தூங்கத் தொடங்கியிருந்தாள். நீங்களும் நானுமென்றால் பொறுத்திருப்போமா? ஜோடிக்குச் சொல்லிவைத்துவிட்டு, ஆறு வோல்ட்டில் தட்டு வைத்த பல்பு நாலை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

தேயிலை ஸ்டோரை ஒட்டிய லொறிக் கொட்டகையில் கதவைச் சாத்தினால் பட்டப்பகலிலும் கும்மிருட்டு. அங்கே காரை நிறுத்தி, எதிர்ச் சுவரில் வெளிச்சம் விழவேண்டிய உயரத்தில் சுண்ணாம்பால் கோடு கிழித்தான். தட்டை அராவினான். டின்பால் டப்பாவை வெட்டி வளையம் செய்து, ஈயம் வைத்துப் பற்றவைத்தான். வேலை முடிந்து வந்த அங்கம்மா சுவரோரம் நின்று, "இன்னுங் கொஞ்சம் கீழங்க... இந்தப் பக்கம் கோணலா விழுதுங்க," என்று மூச்சு வாங்கிக்கொண்டே சொல்வாள். ஒன்பது நாள் இந்தப் பாடு. பத்தாம் நாள் வெளிச்சம் கோட்டின் மேல் அப்படியே படுத்துக்கொண்டது. அங்கம்மா கைதட்டினாள், பாவம்.

கிளப்புக்குப் போய்வந்த துரைக்கு வாயெல்லாம் பல். வளைவில் நிற்கிற மைல்கட்டையின் எழுத்துக்கூடத் தெரிந்ததாம். "நல்ல வேலை!" என்று முதுகில் தட்டிவிட்டு, யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் செல்வரத்தினத்தைக் கூப்பிட்டுச் சீட்டு எழுதச் சொன்னார். கையெழுத்து திங்கட்கிழமை என்றார்.

வீரய்யா ஞாயிறன்று லீவு கேட்டு, ஹாலிஎலைக்குக் காம்பரா பார்க்கப் போனான். துரை தானே காரை எடுத்துக்கொண்டு பண்டாரவளைக்குப் போனார். அங்கே ஒரு பல்பு எரிந்துபோயிற்று. யாரோ ஒரு மெக்கானிக் அதே ஜாதியில் புதுப் பல்பு வாங்கி மாட்டிக்கொடுத்தான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. வீரய்யா அராவியதும் வளையம் வைத்ததும் அவனுக்கெப்படித் தெரியும்? பொழுது சாய்ந்து மூட்டமும் இறங்கியபோது ஒரு விளக்கு ரோட்டையும் மற்றது மரத்து உச்சியையும் காட்ட, துரை மண்மேட்டில் உரசி, ஊர்ந்து வந்து சேர்ந்தார்.

திங்கட்கிழமை வீரய்யா புதுப் பல்பையும் அராவி, அரை நாளில் வெளிச்சத்தைக் கோட்டில் படுக்கவைத்தான். துரை பக்கத்தில் நின்று பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்தார்.

"ஒன் கைக்கு மட்டும்தான் இந்த லைட்டு கேக்குது. நீ போனா லைட்டு போச்சு. நீ இரு."

சீட்டை நாலாகக் கிழித்தார்.

ஆறு கிழமை கழித்து, சொன்ன வாக்குத் தவறாமல் ஹுமைத் நானா ஜோடியை அனுப்பிவைத்தார். வீரய்யா அதைத் தூக்கிக்கொண்டு பங்களாவுக்கு ஓடினான். இதைப் போட்டால் யாரும் பல்பு மாற்றலாமென்று கெஞ்சினான். துரை காகிதத்தைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"இப்ப நல்லா எரியுது. தொடாதே. தொட்டா வேலையும் இல்லை, சீட்டும் இல்லை."

அட, பாவி மனுஷா! வேலையை அரைகுறையாகச் செய்திருந்தாலாவது சீட்டைக் கொடுத்துத் துரத்திவிட்டிருப்பார். நன்றாகச் செய்து மாட்டிக்கொண்டான். ஜோடி காம்பராவில் தகரப்பெட்டியின் மேல் காகிதம் சுற்றியபடி கிடந்தது. நாலு மழைக்காலம் போயிற்று. அங்கம்மா கொழுந்துக் கூடையை விட்டு, பிள்ளை மடுவத்தில் குழந்தை பார்க்கிற வேலைக்கு வந்தாள். பிறகு அங்கேயும் உட்கார்ந்தபடியே இருந்தாள்.

அறுபதாம் ஆண்டு துரை சீமைக்குப் போனார். தோட்டம் புதுத்துரை கைக்கு வந்தது, காரும் அவருக்கே. அவர் வந்து சேர்வதற்கு முன் இருந்த இரண்டு நாளில் வீரய்யா காகிதத்தைப் பிரித்தான். பழைய கிண்ணம், டின்பால் வளையம் எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்தான். ஜோடி ஒரு திருகுகூடப் பிசகாமல் உட்கார்ந்தது. லொறி டிரைவர் றஹீமைக் கூப்பிட்டு, ஒரு பல்பைக் கழற்றி மாட்டச் சொன்னான். வெற்றிலை மெல்லுகிற நேரத்தில் மாட்டினார். வெளிச்சம் கோட்டிலேயே விழுந்தது.

லயத்துக்கு ஓடினான். "அங்கம்மா, பொட்டியக் கட்டு!"

புதுத்துரை வந்ததும் வீரய்யா சீட்டுக் கேட்டான். மூன்றாம் நாள் செல்வரத்தினம் அவனை ஆபீசுக்கு அழைத்தார். அவர் முகம் சரியில்லை.

"இஞ்ச பார் வீரய்யா, பழைய துரை தோட்டத்தை ஒப்படைக்கேக்க எழுதி வைச்சிட்டுப் போன தாள் இது," என்று சொல்லி, இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் வாசித்துக் காட்டினார். 'கார் ஒன்று. முன்விளக்குகள் மிக நல்லவை. அவற்றை வீரய்யா மட்டுமே சரிசெய்ய முடியும். எக்காரணம் கொண்டும் அவனுக்குப் பத்துச்சீட்டுக் கொடுக்க வேண்டாம்.'

"ஐயா, அந்த லைட்டே இப்ப இல்லீங்களே! றஹீம் மாத்துனாரு. நீங்ககூட மாத்தலாமுங்க!"

"சொன்னனான். எல்லாம் விளங்கப்படுத்திச் சொன்னனான். துரை காரைப் போய்ப் பாத்திட்டு வந்து, இப்பிடி வேலை செய்யிறவனை ஆராவது விடுவானோ எண்டு கேக்கிறார்."

வீரய்யா வெளியே வந்தான். வாசலில் கார் நின்றது. விளக்குகள் இரண்டும் கழுவித் துடைத்த மாதிரிப் பளிச்சென்றிருந்தன.

காம்பராவில் தகரப்பெட்டி கயிறு கட்டித் தயாராக இருந்தது. அங்கம்மா நல்ல சேலை உடுத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்கு விளங்கிவிட்டது. அவனுக்குத்தான் அடக்க முடியாமல் அழுகை வந்தது.

"அன்னைக்கு அந்த ஆறு கெழமையப் பொறுத்திருக்கணும் புள்ள. நாந்தான் கெடுத்துட்டேன்."

"ஒங்க மேல தப்பில்லங்க," என்றாள் அவள், ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சை இழுத்துக்கொண்டு. "எனக்குத்தான்... அன்னைக்கு... ரொம்ப முட்டிச்சு."

அவன் அவளை மெதுவாக எழுப்பிப் பாயில் உட்காரவைத்தான். பிறகு பெட்டியின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினான். ஐப்பசி பிறக்க இன்னும் நாலு நாள் இருந்தது.