குளிரம்மாவும் காப்புப் பாதியும்

ஆய்வுக்கூடத்தில் அவருக்குக் குளிரம்மா என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். ஆனால் அவருக்கே அது பிடித்துப்போய், தேநீர்க் கோப்பையில் பெரிதாக எழுதி வைத்துக்கொண்டார். வைத்தவர்களுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

பெயருக்குக் காரணம் அவர் உடம்பு இல்லை. வெயில் காலத்தில் எல்லோருக்கும் பொதுவான மின்விசிறியைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொள்கிற ஆள் அவர். ஒரு பழைய பனியுகம் முடிந்து கடல் சூடேறிக்கொண்டிருந்தபோது, போன குளிர் எதையோ மறந்துவிட்டதைப் போலத் திரும்பி வந்து, கொஞ்ச காலம் உட்கார்ந்துவிட்டுப் போனது என்று இருபது வருடங்களுக்கு முன் அவர் கண்டுபிடித்தார். அந்தக் கடலைப் பற்றி யார் எழுதினாலும் அந்தக் குளிரைச் சொல்லாமல் எழுத முடியாது. சொல்லாமல் எழுதியவர்களை அவர் விட்டதும் இல்லை.

இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்பவர்களுக்கு அவர் சொல்லும் பதில் எளிது. கடலடியில் சேறு மெல்ல மெல்லப் படிகிறது. மேலே இருப்பது நேற்றையது, கீழே போகப் போகப் பாட்டன் பூட்டன். கப்பலிலிருந்து நீளக் குழாயை இறக்கி அந்தச் சேற்றை அப்படியே உருவி எடுத்து, துண்டு துண்டாக நறுக்கி வைப்பார்கள். அதற்குக் கோர் என்று பெயர். சேற்றுக்குள் மணலைவிடப் பொடியான கடலுயிர்களின் ஓடுகள். ஓட்டுக்குள் ஆக்சிஜன். அதில் கனமான ஐசோடோப்பு ஒன்று, லேசானது ஒன்று. லேசானது சுலபமாக ஆவியாகி, பனியுகத்தில் நிலத்தின் மேல் பனிக்கட்டியாகப் படுத்துக்கொள்ளும். கனமானது கடலிலேயே தங்கிவிடும். ஆகவே ஓட்டில் கனமானது கூடியிருந்தால் குளிர், குறைந்திருந்தால் வெப்பம். செத்து லட்சம் வருடம் ஆன ஒரு பொடி உயிரின் சட்டையை இயந்திரத்தில் போட்டு, அது எந்தப் பருவத்தில் தைத்தது என்று சொல்கிற வேலை. நாளைக்குத் துணி காயுமா என்று பக்கத்து வீட்டில் கேட்டால் மட்டும், அது வேறு டிபார்ட்மெண்ட் என்பார்.

இப்படி இருக்கையில்தான் வேறொரு ஆய்வுக்கூடத்திலிருந்து ஓர் இளைஞனின் மின்னஞ்சல் வந்தது. ஏகப்பட்ட மரியாதை. மரியாதை இவ்வளவு கூடினாலே கத்தி எங்கோ இருக்கிறது என்று அர்த்தம். அதே கடலில், பக்கத்திலேயே குழாய் இறக்கியிருக்கிறார்களாம். தங்கள் கண்டுபிடிப்பைப் பெரிதும் போற்றுகிறோம், அது எங்கள் சேற்றில்தான் இல்லை என்று எழுதியிருந்தான். அடுத்த மாதக் கூட்டத்தில் மேடையேறி அதையே சொல்லப்போகிறானாம். குளிரம்மா முன்வரிசையில் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

“அவன் சரியா தேடல” என்றார் குளிரம்மா. இயந்திரத்தைத் துடைத்து வைத்தார். மறுபடி அளந்து அவன் வாயை அடைப்பதென்று முடிவு. ஆனால் அளக்கச் சேறு வேண்டுமே.

எந்தக் கோரையும் நீளவாக்கில் இரண்டாகப் பிளப்பது வழக்கம். ஒன்று வேலைப் பாதி. ஆளாளுக்குச் சுரண்டி எடுக்கலாம். குளிரம்மாவின் குளிர் கிடந்த துண்டில் வேலைப் பாதி எலி கடித்த ரொட்டி மாதிரி ஆகியிருந்தது. இன்னொன்று காப்புப் பாதி. அதை உறையில் சுற்றி வேறொரு குளிரறையில் படுக்க வைத்துவிடுவார்கள். இனிமேல் பிறக்கப்போகிறவர்கள், இனிமேல் வரப்போகிற இயந்திரங்களில் போட்டுப் பார்ப்பதற்காக. பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி போல இரண்டும் ஒரே கட்டடத்தில் தனித்தனி அறைகளில் இருக்கும். ஒன்றின் முகத்தில் இன்னொன்று விழிப்பதில்லை.

அந்தக் காப்பறையின் பொறுப்பாளருக்குப் ‘பாதி’ என்று பட்டப்பெயர். கிள்ளக்கூட விடமாட்டார். அவர் வேறு யாரும் இல்லை, குளிரம்மாவின் சம்பந்தி. இவர் மகளைக் கட்டியிருப்பது அவர் மகன். மற்றவர்களிடம் சண்டை போட்டு வாங்கலாம். சம்பந்தியிடம் சிரித்துக்கொண்டுதான் கேட்க வேண்டும், அவரும் சிரித்துக்கொண்டுதான் மறுக்க வேண்டும்.

“சம்பந்தி, ஒரு ஸ்பூன். அதுவும் மருந்து ஸ்பூன்.”

“உங்களுக்கு இல்லாததா, சம்பந்தியம்மா? ஆனா பாருங்க, அது உங்களுதும் இல்ல, என்னுதும் இல்ல. இனிமே பொறக்கப்போறவங்களோடது.”

“நம்ம வீட்ல ஒண்ணு பொறந்து அஞ்சு மாசம் ஆகுதே. அவன் பேர்ல குடுங்க.”

“அவனுக்குப் பல்லு மொளைக்கட்டும். அவனே வந்து கேக்கட்டும், குடுக்கறேன்.”

இரண்டு வாரம் இந்தச் சிரிப்பு நீடித்தது. மகள் போன் செய்தாள்.

“அம்மா, மாமா உன் பேரக் கேட்டாலே சோத்துல கை வெச்சிட்டு அப்படியே உக்காந்திருக்காரு. ஒரு ஸ்பூன் சேத்துக்காக நான் பொட்டியத் தூக்கிட்டு வந்து நிக்கணுமா?”

“வந்து நில்லு. வரும்போது அந்த ரூம் சாவியையும் எடுத்துட்டு வா.”

கடைசியில் குளிரம்மா வேறு வழி பிடித்தார். காப்புப் பாதியைத் தொட வேண்டாம், பார்க்கலாம் அல்லவா? வேலைப் பாதியைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து பக்கத்தில் வைத்து, தனக்கு வேண்டிய இடம் இதுதான் என்று விரலால் காட்டுவார். அந்த இடத்துக்கு மட்டும் மேலிடத்தில் எழுதிக் கேட்பார். பாதி யோசித்துப் பார்த்தார். தொடத் தடை உண்டு. பார்க்கத் தடை போடவேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை.

இருவரும் தடித்த கோட்டுப் போட்டுக்கொண்டு உள்ளே போனார்கள். பாதி, தூங்கும் பிள்ளையின் சட்டையைக் கழற்றுகிற பதனத்தோடு உறையைப் பிரித்தார். பிளந்த நாளுக்குப் பிறகு இரண்டு பாதிகளும் அன்றுதான் பக்கத்தில் பக்கத்தில் படுத்தன.

இரண்டிலும் ஒரு கறுப்புக் கோடு, எரிமலைச் சாம்பல். வேலைப் பாதியில் அது மேல்முனைக்கு ஒரு சாண் கீழே இருந்தது. காப்புப் பாதியில் கீழ்முனைக்கு ஒரு சாண் மேலே இருந்தது.

“வேற துண்டு மாறி வந்திருக்கும்” என்றார் பாதி.

“நம்பர் ஒண்ணுதான்.”

குளிரம்மா குனிந்து காப்புப் பாதியின் குழாய்ச் சுவரைப் பார்த்தார். மங்கிப்போன மையில் ஓர் அம்புக்குறி, மேல்பக்கம் எது என்று காட்டியது. அவர் கையால் போட்டதுதான். கப்பலில் அன்றைக்கு, மேல்முனையில் மாட்டும் நீல மூடி தீர்ந்துபோய், இரண்டு முனைக்கும் வெள்ளை மூடியே போட்டார்கள். அம்பு ஒன்று போட்டால் போதும் என்று சொன்னதும் அவர்தான். பிளந்தபோது அம்பு காப்புப் பாதியோடு போய்விட்டது. யாரும் பார்க்காத அறையில் அது இருபது வருடமாகச் சரியான திசையைக் காட்டிக்கொண்டிருந்தது. வேலைப் பாதியோ முன்பின் தெரியாமல் தலைகீழாகத் தட்டில் ஏறிவிட்டது. மேல் துண்டுக்கும் கீழ்த் துண்டுக்கும்தான் வயது பார்த்திருந்தார்கள். நடுவில் இருந்த இதைக் கணக்குப் போட்டு நிரப்பியதோடு சரி.

குளிரம்மா மனசுக்குள் துண்டைத் திருப்பி வைத்துப் பார்த்தார். மேலே இருந்த குளிர் கீழே போனது. அங்கிருந்து நிதானமாக ஏறும் வெப்பம். மேல் துண்டோடு மடிப்புக் கலையாமல் போய்ச் சேர்ந்தது. திரும்பி வந்த குளிர் எங்கும் இல்லை.

பாதி உறையைக் கையில் எடுத்துக்கொண்டார். “சம்பந்தியம்மா, வெளிய போய்க் கொஞ்சம் உக்காருங்க.”

“எதுக்கு? உங்களுக்குக் குளிருதா?”

அவர் குரலைத் தாழ்த்தினார். “இங்க நாம ரெண்டு பேருதான். நான் சுத்தி வெச்சிடறேன். நான் எதையும் பாக்கல.”

குளிரம்மா நிமிர்ந்தார். “ஒரு ஸ்பூன் சேறு தர மாட்டேன்னீங்க. இப்ப ஒரு கடலையே மறைச்சுத் தரேங்கறீங்க. நல்ல சம்பந்தி. போட்டோ எடுங்க, அம்பு தெரியற மாதிரி.”

கூட்டத்தில் இளைஞனுக்கு முன்பாகவே அவர் மேடையேறிவிட்டார். இரண்டு பாதிகளின் படத்தைக் காட்டினார், வரைபடத்தின் நடுத்துண்டைக் கத்தரித்துத் திருப்பி ஒட்டினார். சபை வாயைப் பிளந்தது. இளைஞன் நாள் கணக்காகச் செதுக்கி வைத்திருந்த மரியாதை அத்தனையும் வீணாகிப்போனது.

“அப்ப உங்க குளிர்?” என்று ஒருவர் தயங்கிக் கேட்டார்.

“என்னுதுதான். கடலோடது இல்ல. கண்டுபிடிச்சதும் நான், தப்புன்னு கண்டுபிடிச்சதும் நான். ரெண்டையும் என் பேர்லயே எழுதுங்க.”

அவர் இறங்கி வந்தபோது பின்வரிசையில் இருந்த பாதி எழுந்து வந்தார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குளிரம்மா குடித்துவிட்டு, முன்வரிசையில் தன் இடத்திலேயே உட்கார்ந்து, இளைஞன் பேசியதைக் கடைசி வரை கேட்டார். இரண்டு இடத்தில் திருத்தவும் செய்தார்.

இப்போது தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் பேனாவோடு காப்பறைக்குப் போகிறார். பாதி ஒவ்வொரு துண்டின் காப்புப் பாதியையும் விரித்துத் திசை சொல்ல, இவர் வேலைப் பாதியில் அம்பு போடுகிறார். கோப்பையில் பெயர் அப்படியே இருக்கிறது.

“சம்பந்தி, அந்தச் சாம்பல் கோட்டுக்குப் பக்கத்துல ஒரு ஸ்பூன் கிடைச்சா, வெப்பம் எவ்வளவு வேகமா ஏறுச்சுன்னே சொல்லிடுவேன்.”

“பேரன் வந்து கேக்கட்டும்.”

“பல்லு மொளைச்சிடுச்சு. நேத்து என் வெரலையே கடிச்சான்.”

“கடிச்சா போதுமா? கேக்கணும்ல. பேச்சு வரட்டும்.”

“வரும். மொத வார்த்தை என்னன்னு நான் சொல்லிக் குடுத்துக்கறேன்” என்று குளிரம்மா அடுத்த துண்டுக்கு நகர்ந்தார்.