பூட்டு மாமாவின் அறையில் நான்கு மூட்டைகள்

கிடங்கைப் பூட்டிவிட்டு அவர் மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார். பத்தடி நடந்தபின் திரும்பி வந்து நான்காவது தடவையும் இழுப்பார். அதனால் ஊரில் சின்னது பெரியது எல்லாருக்கும் அவர் பூட்டு மாமா. நேரில் கூப்பிட்டாலும் கோபித்துக்கொள்ள மாட்டார். அந்தப் பெயரை முதலில் வைத்தது யார் என்பதை மட்டும் இருபது வருஷமாக விசாரித்துக்கொண்டிருந்தார்.

பின்னால் மலைச்சரிவு முழுக்கக் கிராம்பு மரம், முன்னால் கடல், நடுவில் எழுபது வீடு. அவ்வளவுதான் ஊர். வண்டிப் பாதை மலைக்கு அந்தப் பக்கமே நின்றுவிடும். சரக்கு எடுக்கும் படகு மாதம் ஒருமுறை வரும். கிராம்பு மொட்டைப் பறித்து, பாயில் காயவைத்து, மூட்டை கட்டி, கோணியில் அவரவர் அடையாளத்தைச் சாயத்தால் போட்டுக் கிடங்கில் சேர்த்துவிட்டால், படகு வரும்வரை பூட்டு மாமா பொறுப்பு.

கிராம்பு காய்ந்ததா என்று பார்க்க அவருக்குக் கருவி எதுவும் வேண்டாம். மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி இறுக்குவார். காய்ந்த சரக்கு உள்ளங்கையில் முள்ளாகக் குத்தும், கிள்ளினால் டக்கென்று ஒடியும். ஈரச் சரக்கு சும்மா வளையும். கனம் கூட்ட நினைக்கிறவன் தண்ணீர் தெளிக்கக்கூட வேண்டியதில்லை. மூட்டைக்குப் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரைத் திறந்து வைத்தால் போதும், கிராம்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அப்படி வாளி வைத்த இரண்டு பேரை அவர் இளவயதிலேயே பிடித்தார். அதற்காகத்தான் சாவியை அவரிடம் கொடுத்தார்கள். அதிலிருந்து யார் வீட்டுக்கு விருந்துக்குப் போனாலும் கட்டிலுக்கடியில் ஒரு பார்வை விடாமல் உட்கார மாட்டார்.

போன மழைக்காலத்தில் அனுப்பிய சரக்கில் மூன்று மூட்டை வெள்ளையாகப் பூசணம் பூத்துத் திரும்பி வந்தது. மூன்றிலும் ஒரே அடையாளம், அவருடைய தங்கை புருஷனுடையது. படகோடு வந்த, சரக்கு வாங்குகிற ஏஜென்ட் வார்த்தையை அளந்துதான் பேசினார். இன்னொரு தடவை இந்த அடையாளத்தில் ஈரச் சரக்கு வந்தால், பட்டியலில் பெயரை அடித்துவிடுவோம் என்றார். பெயர் அடிபட்டால் படகு அந்த மூட்டையை ஏற்றாது. தலையில் சுமந்து மலையேறி, இரண்டு நாள் நடந்து விற்க வேண்டும். தங்கை வீட்டில் சுமக்கிற தலை இரண்டே இரண்டு, அவளுடையது ஒன்று, புருஷனுடையது ஒன்று.

மாப்பிள்ளை வெளியூர்க்காரர். கல்யாணமாகிப் பதினாறு வருஷமாகியும் பூட்டு மாமாவுக்கு அவர் வெளியூர்க்காரர்தான். அதோடு எதற்கெடுத்தாலும் சிரிப்பார். காரணமில்லாமல் சிரிக்கிறவன் எதையோ மறைக்கிறான் என்பது பூட்டு மாமாவின் கணக்கு.

இந்த மாதம் மாப்பிள்ளை நான்கு மூட்டை கொண்டுவந்தார். பூட்டு மாமா நான்கிலும் கைவிட்டுப் பார்த்தார். நன்றாகக் குத்தியது. அதுதான் அவருக்கு உறுத்தியது. இவ்வளவு ஒழுங்காகக் கொண்டுவந்து வைக்கிறவன் பிறகு ஏதோ செய்யப்போகிறான். ஆகவே அந்த நான்கை மட்டும் மற்ற மூட்டைகளோடு அடுக்காமல், கிடங்கின் முகப்பில் இருந்த தன் சொந்த அறையில் போட்டுக்கொண்டார். எட்டடிக்குப் பத்தடி அறை. ஒரே ஜன்னல், அதையும் பலகை வைத்து ஆணியடித்தார்.

நாலாம் நாள் கைவிட்டுப் பார்த்தார். குத்து மழுங்கியிருந்தது. எட்டாம் நாள் கிள்ளியபோது மொட்டு லேசாக வளைந்தது.

வாசற்படியில் சாம்பலைத் தூவி வைத்தார், காலடி பதியவில்லை. பூட்டின் மேல் ஒரு தலைமுடியை ஒட்டி வைத்தார், முடி வைத்தபடியே இருந்தது. மனைவி சாவிக்கு நகல் எடுத்துக் கொடுத்திருப்பாளோ என்று தோன்றியதும், குளிக்கப் போகும்போதுகூடச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனார். மறுநாள் மனைவி அவருடைய சோப்பை மட்டும் தனியாக எடுத்து வைத்துவிட்டாள். கடைசியில் ஏணி போட்டுக் கூரையேறி, தன் அறைக்கு மேலிருந்த ஓடுகளை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தார். கீழே டீக்கடைக்காரர், மாமா மேலேயும் ஒரு பூட்டுப் போடப்போறாரு போல என்று சொன்னதும், கடையே சிரித்ததும் அவர் காதில் விழுந்தது. அந்தச் சிரிப்பில் மாப்பிள்ளையின் சிரிப்பும் இருந்தது.

அன்றே, பக்கத்துத் துறைக்குப் போன மீன்படகில் ஏஜென்டுக்குச் சீட்டு அனுப்பினார். சரக்கு ஈரம், அடையாளம் அதே ஆள், எப்படியென்று தெரியவில்லை, ஆள் அவர்தான்.

சீட்டு போன செய்தி தங்கைக்கு எட்டாமலிருக்குமா? படகு வருகிற அன்று காலையில் அறை வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணே, சாவி உன் கழுத்துல. மூட்டை உன் ரூமுல. அவரு எப்படி வந்து நனைச்சாரு?"

"அதைத்தாம்மா நானும் கேக்குறேன்."

"யார்கிட்ட?"

அவள் உள்ளே வந்து மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டாள். அழவந்தவள் மாதிரிதான் வந்தாள். உட்கார்ந்ததும் முகம் மாறியது. எழுந்து கோணியைத் தடவினாள். சுவர்ப் பக்கம் ஒரு கை, இந்தப் பக்கம் ஒரு கை. பிறகு இரண்டு பக்கமும் கோணித் தையலைப் பிரித்து, பக்கத்துக்கு ஒரு மொட்டு எடுத்துக் கிள்ளினாள். சுவர்ப் பக்கத்து மொட்டு சற்றுச் சண்டை போட்டு ஒடிந்தது. இந்தப் பக்கத்து மொட்டு மெழுகாக வளைந்தது.

இந்தப் பக்கம் இருந்தது அவருடைய தண்ணீர்.

ஊர்த் தொட்டியில் யாராவது எதையாவது கலந்துவிடுவார்கள் என்று அவர் வருஷக்கணக்காகப் பொதுத் தண்ணீர் தொடுவதில்லை. மலையூற்றிலிருந்து தானே சுமந்து வந்து, வாய் அகன்ற மூன்று மண்பானையில் நிரப்பி, தன் கண்ணெதிரில் இருக்கட்டும் என்று அறைக்குள் வைத்திருந்தார். குளிர்ச்சிக்காக அடியில் நனைந்த மணல், மேலே ஈரத்துணி. காற்றுப் புக ஜன்னலும் இல்லை. அதை அடைத்தது அவர்தான்.

தங்கை கத்தவில்லை.

"தண்ணி குடிக்கிறது நீ மட்டும் இல்லண்ணே," என்றாள். கோணியை மூடிக்கொண்டே, "போன மழையில நம்ம மூட்டையை எங்க வச்சிருந்த?" என்று கேட்டாள்.

பெரிய கிடங்கில் கூரை ஒழுகியது. தங்கை வீட்டுச் சரக்கு நனையக்கூடாதென்று மூன்று மூட்டையை இந்த அறையில்தான், இதே பானைகளுக்குப் பக்கத்தில்தான் வைத்திருந்தார். அவர் வாழ்நாளில் யார்மேலும் சந்தேகப்படாமல் செய்த ஒரே உபகாரம் அது. ஊரார் கட்டிலுக்கடியில் எல்லாம் குனிந்து தேடிய வாளி, மூன்று பானையாகத் தன் கால்மாட்டிலேயே இருந்திருக்கிறது.

பதினொரு மணிக்குப் படகு வந்தது. ஏஜென்ட் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே இறங்கினார். மாப்பிள்ளை ஒரு ஓரமாக நின்றார். அன்று அவர் சிரிக்கவில்லை. சிரிக்காத முகத்தைப் பார்க்கப் பூட்டு மாமாவுக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

"அந்தப் பேரை அடிச்சிடலாமா?" என்றார் ஏஜென்ட்.

"வேணாம். சீட்டுல தப்பா எழுதிட்டேன். நனைச்ச ஆள் நான்தான்."

ஏஜென்ட் நம்பவில்லை. தங்கைக்காகப் பழியை ஏற்றுக்கொள்கிறீர்களா என்று சந்தேகப்பட்டார். பூட்டு மாமா அவரை அறைக்குக் கூட்டிப்போய்ப் பானைகளைக் காட்டி, ஆணியடித்த ஜன்னலைக் காட்டி, இரண்டு பக்கத்து மொட்டையும் கிள்ளவைத்து, தன் குற்றத்தைத் தானே துப்புத்துலக்கி நிரூபிக்க அரை மணி நேரம் ஆனது. பெயர் பட்டியலில் நின்றது. நான்கு மூட்டையும் மறுபடி பாய்க்குப் போனது. அடுத்த படகில் ஏற்றுவதாக முடிவானது. ஆனால் இனி ஒரே ஆளிடம் சாவி இருக்கக்கூடாது, இரண்டு பூட்டு, இரண்டு சாவி, இரண்டாவது சாவி ஈரத்தைக் கண்டுபிடித்தவளிடம் என்று ஏஜென்ட் சொல்லிவிட்டார்.

பானைகள் இப்போது வெளியே மரத்தடியில் இருக்கின்றன. யார் எப்போது மொண்டு குடிக்கிறார்கள் என்று அவர் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறார்.

தினமும் சாயங்காலம் தங்கை வந்து தன் பூட்டைப் பூட்டுவாள். அவள் தெருமுனை திரும்பியதும் அவர் அதை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார். இரண்டு வாரம் கழித்துத்தான் அவருக்குத் தெரிந்தது, அவர் வீட்டுக்குப் போனபிறகு அவளும் திரும்பி வந்து அவருடைய பூட்டை இழுத்துப் பார்க்கிறாள். நான்கு தடவை.