டிபன் மூடியில் பன்னிரண்டு பேர்

அம்மாவின் தம்பிக்கு முப்பது வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. பொம்மை பொறுக்குகிறவனுக்கு எவன் பெண் கொடுப்பான் என்று அம்மா புலம்புவாள். பொம்மை என்று சொன்னால் மாமாவுக்குப் பிடிக்காது. சிப்பாய்கள் என்று சொல்ல வேண்டும். ஒவ்வொருவனும் என் சுண்டுவிரலில் பாதி உயரம். கெட்டி பிளாஸ்டிக். திருவிழாக் கடையில் பை பையாக விற்கிற வளையும் சிப்பாய்களை மாமா தொடவே மாட்டார். அதில் பெயிண்ட் நிற்காது, துப்பாக்கி தலை குனிந்துவிடும் என்பார். கெட்டி பிளாஸ்டிக்கில்தான் சட்டைப் பொத்தான்கூடத் தனித்தனியாகத் தெரியுமாம்.

பெட்டிமேல் அச்சிட்டிருந்தது ஏதோ வெளிநாட்டுச் சண்டை. மாமா அவர்களுக்குச் சிவப்புச் சட்டை அடித்து ஆற்காட்டுக் கோட்டைக்குக் கூட்டி வந்துவிட்டார். வேலூரில் மூன்று பேரோடு ஒரே அறையில் தங்கியிருந்தார். அங்கே எலித் தொல்லை. அதனால் படை முழுவதும் ஆம்பூரில் எங்கள் வீட்டு பீரோவில் இருந்தது. ஞாயிறு காலை பஸ்ஸில் வருவார். தரையில் போர்வையை விரிப்போம், ஒரு நீலத் துண்டுதான் பாலாறு. அடி ஸ்கேலால் அளந்து சிப்பாயை நகர்த்தி, பகடை உருட்டி, யார் செத்தான் யார் பிழைத்தான் என்று பார்ப்போம். பத்து வயதுப் பெண்ணான எனக்கு அதைவிடப் பெரிய சுகம் எதுவும் இல்லை.

மாமா அடிக்கிற ஆள் இல்லை, கத்துகிற ஆளும் இல்லை. அதுதான் பயமே. அதற்கு முந்தின வருஷம் என் அத்தை பையன் ஒரு சிப்பாயின் துப்பாக்கியை ஒடித்துவிட்டான். மாமா ஒரு வார்த்தை பேசவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு போனவர் எட்டு மாதம் எங்கள் வாசல் மிதிக்கவில்லை. அந்த எட்டு மாதமும் ஞாயிறுதோறும் அம்மா ஒரு ஆள் சோறு அதிகமாக வடித்துவிட்டு, சாயங்காலம் அதில் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுவாள். அவளுக்குக் கூடப்பிறந்தது அந்த ஒருவர்தான்.

இவ்வளவும் தெரிந்தும் அந்தச் சனிக்கிழமை என் கை சும்மா இருக்கவில்லை. அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போயிருந்தார்கள். கேப்டனைப் பார்த்தேன். மீசை இல்லை. எங்கள் ஊரில் மீசை இல்லாத கேப்டனுக்கு எவன் பயப்படுவான்? மார்க்கரால் ஒரு மீசை வைத்தேன். அது மூக்கு, கன்னம், காது என்று முகம் முழுக்க இழுத்துக்கொண்டது.

எங்கள் தெருவில் எந்தக் கறைக்கும் ஒரே வைத்தியம் தின்னர்தான். யூனிபாரத்தில் இங்க் என்றாலும், கதவில் பசை என்றாலும், துணியில் நனைத்து ஒரு துடைப்பு. அப்பாவுக்கு ஷூ கம்பெனியில் அதுதான் வேலை. ஷூ ஓரத்தில் வழிந்த ஒட்டுச் சொல்யூஷனைத் தின்னர் துணியால் துடைப்பார். கிளவுஸ் போட்டால் தோலின் பதம் விரலுக்குத் தெரியாது என்று வெறுங்கையால்தான் துடைப்பார். வீட்டிலும் பரண்மேல் ஒரு பாட்டில் எப்போதும் இருக்கும்.

நானும் துடைத்தேன். மீசை போயிற்று. கூடவே முகத்தின் நிறமும் போயிற்று. பெயிண்ட்தான் போனது என்று நினைத்தேன். ஒருத்தனுக்கு மட்டும் நிறம் போனால் மாமா கண்டுபிடித்துவிடுவார், முன்வரிசை முழுவதற்கும் போனால் ஈரத்தில் உரிந்துவிட்டது என்று சொல்லிவிடலாம். என் மூளை அப்படி வேலை செய்தது. கேப்டனோடு இன்னும் பதினோரு பேரையும் சமையலறையிலிருந்த எவர்சில்வர் டிபன் மூடியில் படுக்க வைத்துத் தின்னரை ஊற்றினேன். அதற்குள் தெருக் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று கூச்சல் கேட்டது. குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

திரும்பி வந்தபோது மூடியில் பன்னிரண்டு பேர் இல்லை. கையும் காலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட, முகமே இல்லாத ஒரே உருண்டை இருந்தது. விரலால் தொட்டேன், பிசின் போல இழுத்தது. மூடியைக் கொண்டுபோய்ப் பின்பக்கம் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் ஒளித்தேன். கையைச் சோப்புப் போட்டுப் போட்டுக் கழுவியும் வாசனை போகவில்லை. அப்பாவிடமும் அதே வாசனை அடித்ததால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அன்று சோறு இறங்கவில்லை. அம்மா மூடியைத் தேடும்போதெல்லாம் எனக்கு உயிரே போய் வந்தது.

ஞாயிறு காலை அம்மா வழக்கம்போல அப்பாவுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டாள். சில மாதங்களாக அவள்தான் போட்டுவிடுவாள். புது மாப்பிள்ளை என்று நான் கிண்டல் செய்வேன். அன்று கிண்டல் வரவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஹாரன் கேட்கும்போதெல்லாம் வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்தேன்.

மாமா வந்தார். போர்வையை விரித்தார். பெட்டியைத் திறந்தார். முன்வரிசை காலியாக இருந்ததைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"யாரு எடுத்தது?" என்றார், மெதுவாக.

அப்பா எழுந்து பின்பக்கம் போனார். நேராக டிரம்முக்குப் பின்னால் கைவிட்டு அந்த மூடியைக் கொண்டுவந்து மாமா முன்னால் வைத்தார். காலையில் பல் தேய்க்கும்போதே பார்த்திருக்கிறார்.

"நான்தான் மாப்ள. தின்னர் பாட்டிலை எடுக்கறப்ப கை நழுவி இதுங்க மேல ஊத்திக்கிச்சு. இப்பல்லாம் விரல் இன்னா புடிக்குது, இன்னா உடுதுன்னே தெரியறதில்ல."

என்னைக் காப்பாற்ற அப்பா பொய் சொல்கிறார் என்று தெரிந்தது. மாமா போய்விடுவார், எட்டு மாதம் வரமாட்டார் என்று பயந்துகொண்டிருந்தேன். ஆனால் அவர் பெட்டியைத் தொடவில்லை. தின்னரில் உருகிப்போன அந்த உருண்டையைப் பார்த்தார். பிறகு அப்பாவின் கைகளைப் பார்த்தார்.

"எத்தினி நாளா மச்சான் விரலு இப்டி?"

ஆறு மாசம் இருக்கும், அதை விடு என்றார் அப்பா. மாமா விடவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு சிப்பாயை எடுத்துப் போர்வைமேல் நிறுத்தினார்.

"இத எடுங்க."

அப்பா சிரித்துக்கொண்டே குனிந்தார். விரல்கள் சிப்பாயைத் தொட்டன, பிடிக்கவில்லை. சிப்பாய் சாய்ந்தான். மறுபடி முயன்றார். நழுவியது. மூன்றாம் முறை எடுத்துவிட்டதாக நினைத்து வெறுங்கையை மேலே தூக்கினார். சிப்பாய் தரையிலேயே கிடந்தான். அப்பாவின் சிரிப்பு நின்றுபோயிற்று. கரண்டியோடு எட்டிப் பார்த்த அம்மா அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டாள். மாமா அப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

எனக்காக அப்பா எவ்வளவு நன்றாக நடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். நேற்றிலிருந்து இருந்த பயம் அந்த நொடியில் விட்டது. அந்த வீட்டில் அப்போது பயமில்லாமல் இருந்தது நான் ஒருத்திதான்.