ஜஸ்ரின் கேட்காமல் விட்ட விக்கெற்றுகள்

ஜஸ்ரின் அண்ணா மாவட்ட அணிக்காக ஒரு பந்துகூட வீசியதில்லை. ஆனால் எங்கள் ஊர் பாலைக்குடாவில் யாரைக் கேட்டாலும் இந்தக் கரையில் அவரைப்போல் பந்து போட்டவன் இல்லை என்பார்கள். இவை இரண்டும் எப்படி ஒரே ஆளைப் பற்றி உண்மையாக இருக்க முடியும் என்ற கேள்வி எனக்கு நெடுநாளாக இருந்தது.

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். படித்து முடித்து ஊருக்கு வந்தபின் எதற்கும் ஒரு சமூகக் காரணம் தேடும் பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. யுத்தம், இடப்பெயர்வு, வறுமை என்று ஜஸ்ரின் அண்ணாவின் கதைக்கும் நான் ஏதோ ஒரு பெயர் வைக்கப் பார்த்தேன். அவர் பின்னிக்கொண்டிருந்த மீன் வலையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்.

"சண்டையிலை தப்பி வந்த ஆள் நான். சண்டையிலை பிழை போடாதை. ஒருத்தன் வாயைத் திறக்கேல்லை. அவ்வளவுதான் கதை."

அந்த ஒருத்தன் கிளறன்ஸ். அவருடைய கூட்டாளி, ஊர் விளையாட்டுக் கழகத் தலைவன், விக்கெற் காப்பாளன், மனைவி அன்ரோனெற்றின் அண்ணன்.

இருவரும் ஒரே வயது. 2007இல் சண்டையால் ஊரே இடம்பெயர்ந்தபோது ஒரே உழவு இயந்திரப் பெட்டியில் ஏறிப் போனவர்கள். வன்னி முழுவதும் அலைந்து, கடைசியில் செட்டிகுளம் முகாமில் பக்கத்துப் பக்கத்துக் கூடாரங்களில் இருந்தவர்கள். முகாமில் செய்வதற்கு ஒன்றுமில்லை. ரெனிஸ் பந்தில் மின்கம்பிக்குச் சுற்றும் ரேப்பை இறுக்கிச் சுற்றி, தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் இருந்த ஒடுங்கிய பாதையில் ஜஸ்ரின் பந்து வீசுவார். கிளறன்ஸ் குந்தியிருந்து பிடிப்பார். மட்டை பிடிக்க ஆளில்லாத நாட்களிலும் இவர் வீசுவார், அவர் பிடிப்பார். பாதைக்கு இருபுறமும் கூடாரங்கள் என்பதால் பந்து விலகினால் யாருடைய சட்டியிலாவது விழும், ஏச்சு விழும். அப்படித்தான் நேராக வீசப் பழகினார். ரேப்பின் ஒரு பக்கத்தைத் தடிப்பாகச் சுற்றினால் பந்து வளையும் என்பதையும் அங்கேதான் இருவரும் கண்டுபிடித்தார்கள்.

2010இல் ஊருக்குத் திரும்பினோம். கோயிலுக்குக் கூரை இல்லை, வீடுகளுக்குச் சுவர் இல்லை. கழகத்துக்கு மட்டும் முதல் கிழமையே நிர்வாகம் தெரிவாகிவிட்டது. கிளறன்ஸ் தலைவர். அடுத்த ஆண்டு ஜஸ்ரின் அன்ரோனெற்றைக் கட்டினார். கலியாண வீட்டில் கிளறன்ஸ் சொன்ன பகிடியை இன்றும் ஊரில் சொல்வார்கள்: "என்ர தங்கச்சியைக் குடுக்கிறது மாப்பிள்ளைக்கில்லை. அவன்ர வலது கைக்கு."

இங்கே எங்கள் பக்கத்து விளையாட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஊர்ப் போட்டிகளில் நடுவராக நிற்பது துடுப்பெடுத்தாடும் அணியின் ஆட்கள்தான். தன் அணிக்காரனைத் தானே வெளியே போ என்று சொல்ல எவனுக்கு மனம் வரும்? பிடி, ரன் அவுட் என்றால் எல்லோரும் காண்பதால் மறுக்க முடியாது. பந்து காலில் பட்டு விக்கெற் போவது மட்டும் நடுவர் ஒருவரின் கண்ணில் தங்கியிருப்பது. அதில் தொடங்கிய சண்டைகளில் ஸ்ரம்புகளே ஆயுதமாகி, கடைசியில் எல்லாக் கழகங்களும் சேர்ந்து அதை நீக்கிவிட்டன. காலில் பட்டால் ஒன்றுமில்லை. தொலைக்காட்சியில் எல்.பி.டபிள்யூ. பார்த்துவிட்டு வந்து, திடலில் அப்படி ஒன்று இல்லாததுபோல் விளையாடுவோம். யாராவது பழக்கதோசத்தில் அப்பீல் கேட்டால், "போய் ரீவியிலை கேள்" என்று எல்லைக்கோட்டிலிருந்து சிரிப்பார்கள்.

இந்த ஒப்பந்தத்தால் அதிகம் இழந்தவர் ஜஸ்ரின். அவருடைய பந்து வெளியே போவதுபோல் புறப்பட்டு, கடைசியில் உள்ளே வளைந்து துடுப்பாளரின் காலில் போய் முட்டும். அவர் ஒருநாளும் முறைப்பட்டதில்லை. கால் இல்லாத இடைவெளியைத் தேடி இன்னும் ஆழமாக, இன்னும் காலடிக்குள் வீசினார். அப்படியும் ஒவ்வொரு தொடரிலும் அதிக விக்கெற் அவருக்குத்தான்.

2012இல் மாவட்ட அணியைப் புதிதாகச் சேர்க்கப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. கழகங்களை மோதவிட்டுப் பார்த்து, ஒரு கழகத்திலிருந்து ஒருவரை எடுப்பார்கள். அணிக்குள் போகிறவர்களைப் பார்க்கக் கொழும்பிலிருந்து ஒரு கம்பனியின் ஆட்கள் வருவார்கள், திறமையானவர்களுக்குத் தங்கள் அணியில் இடமும் கந்தோரில் வேலையும் கொடுப்பார்கள் என்றும் கதை அடிபட்டது. அன்ரோனெற் அப்போது வயிற்றில் பிள்ளையோடு தகரக் கொட்டிலில் இருந்தார். ஜஸ்ரினுக்குச் சொந்தமாகப் படகு இல்லை, பிறத்தியாரின் படகில் பங்குக்குப் போய்க்கொண்டிருந்தார்.

"பாலைக்குடாவிலை இருந்து ஆர் எண்டு ஆரும் கேக்கத் தேவையில்லை. எழுதி வைச்ச மாதிரி" என்று கிளறன்ஸே எல்லோருக்கும் சொல்லித் திரிந்தார்.

போட்டிக்கு முதல்நாள் முருங்கனில் தலைவர்களுக்குக் கூட்டம். கிளறன்ஸ் போய்வந்து, மாதா சிலை நிற்கும் சுருவத்தடியில் எங்கள் ஆட்களைக் கூட்டி வைத்து எல்லாம் சொன்னார். தோல் பந்து, வெள்ளை உடுப்பு கட்டாயமில்லை, சாப்பாடு அவர்கள் தருவார்கள், நடுவர்கள் இந்தமுறை வெளியிலிருந்து வருவார்கள். அப்போது அங்கே நின்ற ஆறேழு பேரிடம் நான் தனித்தனியாகக் கேட்டிருக்கிறேன். சாப்பாடு சோறா புரியாணியா என்று நடந்த வாக்குவாதம்கூட எல்லோருக்கும் நினைவிருக்கிறது. எல்.பி.டபிள்யூ. என்ற சொல் ஒருவரின் நினைவிலும் இல்லை.

எதிரணி முருங்கன் பக்கத்து வயற்காரப் பெடியன்கள். பாலைக்குடா முதலில் பந்து வீசியது. தோல் பந்து ஜஸ்ரினின் கையில் ரேப் பந்தைவிட நன்றாக வளைந்தது. முதல் ஓவரிலேயே பந்து துடுப்பாளரின் பாட்ஸில் 'சப்' என்று முட்டியது. நேர் நடு ஸ்ரம்புக்கு முன்னால். துடுப்பாளர் நடுவரைப் பார்த்தார். நடுவர் ஜஸ்ரினைப் பார்த்தார். ஜஸ்ரின் பந்தை எடுக்கத் திரும்பி நடந்தார்.

மறுபடி முட்டியது. மறுபடி. ஸ்லிப்பில் நின்ற யோசேப் அண்ணா எனக்குச் சொன்னார்: "அவங்கள் ஒவ்வொரு தரமும் முகம் வெளிறி நிக்கிறாங்கள். எங்களுக்கு ஏன் எண்டு விளங்கேல்லை. வேகத்துக்குப் பயப்பிடுறாங்கள் எண்டு சிரிச்சனாங்கள்."

நேர்கோட்டில் இருந்து பார்க்கக்கூடியவர் இரண்டே பேர், நடுவரும் விக்கெற் காப்பாளரும். கிளறன்ஸ் ஒவ்வொரு முறையும் கையுறையைத் தட்டி, "நல்ல பந்து மச்சான், விடாதை, அப்பிடியே போடு" என்றார். அன்று ஜஸ்ரினுக்கு ஒரேயொரு விக்கெற் விழுந்தது. அதுவும் பிடி. பிடித்தவர் கிளறன்ஸ்.

பிறகு பாலைக்குடா ஆடியது. ஜஸ்ரின் மர நிழலில் சோடாப் போத்தலோடு இருந்தார். எதிரணிப் பந்து எங்கள் தொடக்கக்காரன் ஒருவனின் காலில் பட்டது. பதினொரு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். நடுவர் விரலைத் தூக்கினார்.

எங்கள் பெடியனுக்கு விளங்கவில்லை. மட்டையை ஊன்றிக்கொண்டு நின்றான். "என்ன சேர், காலிலை எல்லோ பட்டது?" என்று கேட்டான். திடல் முழுக்கச் சிரித்தது.

ஜஸ்ரின் சிரிக்கவில்லை. போத்தலைக் கீழே வைத்தார். காலையில் காலில் பட்ட ஒவ்வொரு பந்தும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது என்று எனக்குச் சொன்னார். முகாமில் செத்தவர்களின் முகங்கள்கூடத் தனக்கு அப்படி வரிசையாக வந்ததில்லையாம். சொல்லிவிட்டு, அப்படிச் சொன்னதற்காக வெட்கப்பட்டார்.

மறுமுனையில் நின்ற மற்றத் தொடக்கக்காரர் கிளறன்ஸ். நடுவர் விரலைத் தூக்குமுன்பே, முதல் பந்திலிருந்தே, அவர் காலை ஸ்ரம்புக்கு முன்னால் கொண்டுவரவேயில்லை. விலக்கி வைத்து, மட்டையால் மட்டும் ஆடி, அன்றைய நாளின் கூடிய ஓட்டங்களை எடுத்தார்.

ஆட்டம் முடிந்ததும் ஜஸ்ரின் நேரே நடுவரிடம் போனார். அவர் தாவூது சேர். எருக்கலம்பிட்டிக்காரர். தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது போன குடும்பம், புத்தளத்தில் இருபது வருடம் இருந்து அங்கேயே நடுவர் பரீட்சை சித்தியெய்தி, யுத்தம் முடிந்தபின் திரும்பி வந்தவர். இவர் வாய் திறக்கும் முன்னே அவர் கேட்டார்.

"தம்பி, நீங்க ஏன் ஒருக்காலும் கேக்கல்ல? நான் விரல மடக்கி வச்சிட்டு நிண்டேன். நீங்க கேக்காம நான் குடுக்கேலாது. சட்டம் அப்பிடி."

"எங்களுக்கு இருக்கெண்டே தெரியாது சேர்."

"தெரியாதா? கூட்டத்துல சொன்னனே. உங்கட கப்டன்தான் எழும்பி நிண்டு திருப்பிக் கேட்டாரு, 'அப்பீல் பண்ணாட்டி அவுட்டா இருந்தாலும் குடுக்கமாட்டீங்களா சேர்?' எண்டு. குடுக்கமாட்டன் எண்டு சொன்னேன். நல்ல கேள்வி எண்டும் சொன்னேன்."

ஒரு கிழமையில் பெயர் வந்தது. பாலைக்குடாவிலிருந்து கிளறன்ஸ்.

ஜஸ்ரின் அவரை இறங்குதுறையில் பிடித்தார். கிளறன்ஸ் முதலில் சொன்னது இவ்வளவுதான். "மறந்திட்டன் மச்சான்."

"கேட்டதை மறந்தனியோ? சொல்லுறதை மறந்தனியோ?"

"தலைக்குள்ளை எத்தினை விசயம். சாப்பாடு, பஸ், பந்துக்காசு... விடன். அடுத்தமுறை நீதான்."

அடுத்தமுறை வரவில்லை. கிளறன்ஸ் மாவட்டத்துக்கு இரண்டு போட்டி விளையாடினார். கம்பனி ஆட்கள் அந்த இரண்டில் ஒன்றைப் பார்க்க வந்தார்கள். விளையாட்டில் பெரிதாக ஒன்றும் செய்யாவிட்டாலும் வாய்ச் சாமர்த்தியத்தால் களஞ்சியத்தில் வேலை எடுத்துக் கொழும்புக்குப் போய்விட்டார்.

அவர் மறந்துதான் இருப்பார் என்று நான் கொஞ்சக் காலம் வாதாடினேன். இடம்பெயர்ந்து வந்த எல்லோருக்கும் நினைவு ஓட்டைதான். என் அம்மா அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துபோவார். ஆனால் மறந்த ஒருவர், துடுப்பாடும்போது மட்டும் தன் காலை ஏன் அவ்வளவு கவனமாக விலக்கினார்? இந்த இடத்தில் என் வாதம் ஒவ்வொரு முறையும் நின்றுவிடும். அதற்குமேல் நல்லெண்ணம் வைக்க எனக்குத் தெரியவில்லை. வைக்க விரும்பினேனா என்பதும் தெரியவில்லை.

ஜஸ்ரின் பாலைக்குடாவுக்கு விளையாடுவதை நிறுத்தினார். தாவூது சேர் ஆள் அனுப்பிக் கூப்பிட, எருக்கலம்பிட்டி அணிக்குப் போனார். மர்சூக் என்ற பெடியன் அங்கே விக்கெற் காப்பாளன். ஊர் கொதித்தது.

"எங்கட சோத்தைத் திண்டிட்டு அவங்களுக்குப் பந்து போடுறான்" என்றார்கள். கோயில் முற்றத்தில் ஒருவர் அவரைக் காணாததுபோல் திரும்பி நின்றார். அன்ரோனெற்றிடம் குழாய்க் கிணற்றடியில், "உன்ர மனுசன் தொப்பி போட்டிட்டானோ?" என்று கேட்டார்கள்.

எருக்கலம்பிட்டி விளையாடியது வெளி நடுவர்கள் நிற்கும் தொடர்களில், அங்கே எல்.பி.டபிள்யூ. உண்டு. முதல் போட்டியில் பந்து காலில் பட்டதும் மர்சூக் தொண்டை கிழியக் கத்தினானாம். ஜஸ்ரின் வீசிய இடத்திலேயே நின்றுவிட்டார்.

"என்ன அண்ணே, நீங்க கேக்கல்லயா?"

"நீ கேக்கிறாய்தானே. போதும்."

மூன்று பருவம் அங்கே விளையாடினார். தோள் வலிக்கத் தொடங்கியதும் விட்டுவிட்டார். மாவட்ட அணிக்கு ஆள் பார்க்க அந்த மூன்று வருடமும் ஒருவரும் வரவில்லை. இவ்வளவுதான் அவருடைய துடுப்பாட்ட வாழ்க்கை.

கதை இதோடு முடிந்திருக்கும். போன வருடம் கிளறன்ஸ் தன் தலைப்பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு ஊருக்கு வந்தார். தங்கையின் புருஷனை ஞானத்தகப்பனாகக் கேட்பது எங்கள் குடும்பங்களில் வழமை. கேட்டால் மறுப்பதில்லை. மறுத்தால் பிள்ளையை மறுத்ததாகும், அதைக் குடும்பம் தலைமுறைக்கும் மறக்காது.

கிளறன்ஸ் வெற்றிலைத் தட்டோடு ஜஸ்ரின் அண்ணாவின் வாடிக்கு, கடற்கரைக் கொட்டிலுக்கு, வந்தபோது நான் அங்கே இருந்தேன். எழும்பப் பார்த்தேன். ஜஸ்ரின் அண்ணா இருக்கச் சொல்லிக் கையைக் காட்டினார்.

"மச்சான், பிள்ளைக்கு நீதான் நிக்க வேணும்."

"நிக்கிறன். ஒண்டு சொல்லு. அண்டைக்குக் கூட்டத்திலை நீ அதைக் கேட்டனியோ இல்லையோ? ஓம் எண்டு சொல்லு. வேறை ஒண்டும் வேண்டாம். நான் வந்து நிக்கிறன்."

கிளறன்ஸ் தட்டை வலைக் குவியலின்மேல் வைத்தார். "எத்தினை வருசமாச்சு. நான் உனக்கு என்ன செய்தனான்? அடிச்சனானோ? காட்டிக் குடுத்தனானோ? நான் ஒண்டும் செய்யேல்லை."

"அதைத்தான் நானும் சொல்லுறன்."

"ஒரு விளையாட்டுக்காக என்ர பிள்ளையை..."

"எனக்கு அது விளையாட்டு இல்லை எண்டு உனக்குத் தெரியும். தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னாலை விளையாடின நாளிலை இருந்து தெரியும்."

கிளறன்ஸ் இரண்டு தரம் வாயைத் திறந்தார். அந்த ஒரு சொல் வந்துவிடும் என்று நான் நினைத்தேன், வரவேண்டும் என்று மன்றாடவும் செய்தேன். "பழசைக் கிண்டாதை மச்சான்" என்றுதான் வந்தது. ஜஸ்ரின் அண்ணா தட்டை எடுத்து, வெற்றிலை சரியாமல் அவர் கையில் திருப்பிக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் மணி அடித்தபோது அவர் வாடியில் இருந்தார், நானும் கூட இருந்தேன். அன்ரோனெற் பிள்ளைகளோடு தனியே போனார். யோசேப் அண்ணா ஞானத்தகப்பனாக நின்றார். மத்தியானம் அன்ரோனெற் சாறியை மாற்றாமலே வாடிக்கு வந்தார். அழுதிருந்தார்.

"அண்ணன் கோயில் வாசல்லை வைச்சு எனக்குச் சொன்னவர். ஓம், கேட்டனான், தெரிஞ்சுதான் சொல்லேல்லை எண்டு. இனிப் போதும்தானே? சொல்லிட்டார்தானே?"

ஜஸ்ரின் அண்ணா வலையைக் கையிலிருந்து கீழே விட்டார்.

"உனக்கு ஏன் சொன்னவன்? எனக்கெல்லே சொல்ல வேணும்."

"அண்ணன் பஸ்ஸுக்கு வெளிக்கிட்டிட்டார். இப்ப போனால் சந்தியிலை பிடிக்கலாம்."

சந்தி கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான். அவர் எழும்பி வாடியின் வாசல்வரை போனார். கொழும்பு பஸ் வருவதும், நிற்பதும், குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவர்கள் ஏறுவதும் தெரிந்தது. கிளறன்ஸ் மிதிபலகையில் நின்று ஒருமுறை எங்கள் பக்கம் பார்த்தார். அவர் இறங்கி வருவதற்கும் நேரம் இருந்தது. கொண்டக்டர் விசிலடித்தார்.

அன்ரோனெற், "போங்கோவன்" என்றார்.

"அவன் வரட்டும்" என்றார் ஜஸ்ரின் அண்ணா. பஸ் புறப்பட்டது.