கடைசி நூறு விசைகள்

2004 ஜூன் 14, திங்கள். 5.40க்கு எழுந்தேன். பால் வாங்கி வந்து, முந்தின நாளின் டைரியை முடித்து, 7.05க்கு உத்தனப்பள்ளியில் கம்பெனி பஸ் ஏறினேன். வழியில் சானமாவு காட்டில் யானை நின்றதால் இருபது நிமிடம் தாமதம்.

ஒசூர் தொழிற்சாலையில் என் வேலை, லேத் மெஷின்களுக்கான புரோகிராம்களைக் கம்ப்யூட்டரில் திருத்தி அனுப்புவது. அதற்குப் புதிதாக ஓர் எடிட்டர் சாஃப்ட்வேர் போட்டிருந்தார்கள். மவுஸ் உதவாது, எல்லாம் விசைகள்தான். போட்டுக்கொடுத்த இன்ஜினியர் பெங்களூருக்குப் போய்விட்டார். அதற்குள்ளேயே இருந்த உதவிப் பக்கங்களைத் தவிரக் கேட்க ஆளில்லை.

அன்று காலை ஒரு புரோகிராமில் டூல் எண்ணை மாற்றி, சேமித்து, மெஷினுக்கு அனுப்பினேன். எடிட்டரை மூடத் தெரியவில்லை. எதை அழுத்தினாலும் திரையின் அடியில் இன்னொரு கேள்வி வந்தது. அப்படியே விட்டுவிட்டு ஸ்டோருக்குப் போனேன்.

இரண்டு மணிக்கு அந்த மெஷினில் இரும்பைக் கடையும் டூல் உடைந்தது. புரோகிராமில் ஐம்பதுக்குப் பின்னால் இருக்கவேண்டிய தசமப் புள்ளி இல்லை. புள்ளி இல்லாததால் மெஷின் அதை ஐம்பது மில்லிமீட்டராக அல்லாமல் ஐம்பது மைக்ரானாக எடுத்துக்கொண்டு, அந்த அளவுக்குக் கடைய டூலை இரும்புக்குள்ளே செலுத்திவிட்டது.

சூப்பர்வைசர் அந்த மெஷினை ஓட்டும் ஆபரேட்டரைப் பிடித்துக்கொண்டார். "பேனல்ல நீதான்யா கை வச்சிருக்க. புள்ளின்னா உங்க ஊர்ல கோலத்துக்கு மட்டுந்தானா?"

ஆபரேட்டர் திருநெல்வேலிக்காரர். "எம் மெஷின நானே ஒடைக்க எனக்கென்ன கிறுக்கா சார்?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க."

"டூல் நம்பர் மட்டுந்தான் மாத்துனேன். வேற எதையும் தொடல," என்றேன். செய்த திருத்தங்களைக் குறித்துவைக்கும் என் நோட்டிலும் அப்படித்தான் இருந்தது.

"காலைல மெமோ வாங்கிக்க," என்று ஆபரேட்டரிடம் சொல்லிவிட்டு சூப்பர்வைசர் போனார்.

இருக்கைக்குத் திரும்பி, உதவிப் பட்டியலில் வெளியேறும் வழியைத் தேடினேன். கிடைத்தது. நான்கு வரி தள்ளி, கடைசியாக அழுத்திய நூறு விசைகளைக் காட்டும் கட்டளை ஒன்றும் இருந்தது. கொடுத்தேன். என் காலைப்பொழுது வரிசையாக வந்து நின்றது. டூல் எண்ணுக்கு அடுத்து, கண்ட்ரோல் டி. கீழ்வரிக்கு இறங்கும் என்று நினைத்து அழுத்தியது. இறங்கவில்லை என்று அம்புக்குறிக்கு மாறியிருக்கிறேன். அந்த விசை எதற்கு என்று உதவியிடமே கேட்டேன். கர்சர் நிற்கும் எழுத்தை அழிக்க, என்றது. அப்போது கர்சர் நின்றிருந்தது ஐம்பதை அடுத்த புள்ளியின்மேல்.

எடிட்டரை மூடினால் அந்தப் பட்டியலும் போய்விடும். மூடும் வழி இப்போது எனக்குத் தெரியும். பஸ்ஸின் ஹாரன் கேட்கும்வரை விரல்கள் அந்த விசைகளின் மேலேயே இருந்தன. மானிட்டரை மட்டும் அணைத்துவிட்டுக் கிளம்பினேன்.

மறுநாள் காலை, வருகைப் பதிவுக்கும் முன்பாக, சூப்பர்வைசரையும் ஆபரேட்டரையும் அழைத்து வந்து நிறுத்தி, மானிட்டரைப் போட்டேன்.