முசியே சொன்ன ஓ

எண்பதுகளின் கடைசியில் மில் மூடியபோது அக்கா புருஷனுக்கு இரண்டு வழிதான் இருந்தது. ஒன்று, அக்காவையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போவது. இன்னொன்று, மடியில் வைத்துத் தட்டுகிற கம்ப்யூட்டர். மில் ஆபீசில் டைப் அடித்தவர் அவர். ரெட்டியார்பாளையத்தில் தோல் பை ஏற்றுமதி செய்கிறவர், "சொந்த மெஷினோட திங்கக்கெழம வா, லெட்டர் வேல பூரா உனக்குத்தான்" என்று சொல்லியிருந்தார்.

கடற்கரைப் பக்கம் ஒரு வியாபார ஆபீசை மூடிவிட்டு அதன் மேனேஜர் பாரீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். தமிழர்தான், ஆனாலும் பிரெஞ்சுத் துரையைக் கூப்பிடுகிற மாதிரி எல்லாருக்கும் அவர் முசியே. ஆபீசின் பழைய மெஷினை அவரிடம்தான் வாங்கினோம். கார் கிளம்பும்போதுதான் மாமாவுக்கு ஞாபகம் வந்தது.

"முசியே, பாஸ்வேர்டு என்னங்க?"

"ஓ."

"என்னங்க?"

"ஓ! அவ்ளோதான்." கார் போய்விட்டது.

முதலியார்பேட்டை வீட்டில் மெஷினைப் போட்டதும், வேறு எதையும் காட்டுவதற்கு முன்பே அது பாஸ்வேர்டு கேட்டது. மாமா ஆங்கில ஓவை அடித்தார். தப்பு. பெரிய ஓ, சின்ன ஓ, கடைசியில் சைபர். எல்லாம் தப்பு. மெஷின் அப்படியே உறைந்துவிட்டது. அணைத்துப் போட்டால் மறுபடியும் அதே கேள்வி.

"மாமா, நீங்க கேட்டதும் அவரு 'ஓ, அதுவா'ன்னிருப்பாரு. நீங்க அதப் போயி அடிக்கிறீங்க."

"வாய மூட்றா. திருப்பூருக்கு உன்னையும் இழுத்துட்டுப் போயிடுவேன்."

"ஏங்க, நாலஞ்சு ஓ சேத்துப் போட்டுப் பாருங்களேன்" என்றாள் அக்கா. அவள் அடுப்பங்கரைக்குப் போகவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ரேடியோ ரிப்பேர்க்காரர் ஒருவர், உள்ளே குட்டி பேட்டரி இருக்கும், அதைக் கழற்றினால் பாஸ்வேர்டு மறந்துபோகும் என்று சொல்லி அனுப்பினார். தான் கை வைக்க மாட்டேன் என்றும் சொன்னார். மாமா திருப்புளியை எடுத்தார். மேல்மூடி லேசில் வரவில்லை. கொஞ்சம் நெம்பினார். திரைக்குப் போகிற ரிப்பன் மாதிரி பட்டை ஒயர் பாதியில் கிழிந்து வந்தது.

மாமா திருகாணிகளைப் பொறுக்கிக் கிண்ணத்தில் போட்டார். எனக்குத்தான் சும்மா இருக்க முடியாதே. குழாயடியில் பக்கத்து வீட்டு அம்மாவிடம் முசியே மாதிரியே வாயைக் குவித்து 'ஓ' என்று நடித்துக் காட்டினேன். அவர் பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரரின் விதவை.

"அட கூறு கெட்டவனே, பிரெஞ்சுல ஓன்னா தண்ணிடா" என்று சிரித்தார். "சொல்றப்பதான் ஓ. எழுதுறப்ப மூணு எழுத்து. ஈ, ஏ, யூ."

எங்கள் வீட்டில் பிரெஞ்சு படித்தவர் ஒருவரும் கிடையாது. வயக்காட்டு வேலையிலிருந்து மில்லுக்கு வந்த குடும்பம். ஓடிவந்து சொன்னேன். மாமா மேல்மூடியை இருந்த இடத்தில் பொருத்தி, மெஷினைப் போட்டு, இருட்டுத் திரையைப் பார்த்தபடியே மூன்று எழுத்தையும் அடித்தார். உள்ளே ஏதோ சுற்றத் தொடங்கியது. பாஸ்வேர்டுக் கதவு திறந்துதான் இருக்க வேண்டும். திரையில் ஒன்றும் வரவில்லை. அந்த ஒயர் மதராசில்கூடக் கிடைக்காது என்றார்கள்.

திங்கட்கிழமை பஸ் ஸ்டாண்டில் அக்கா மாமாவைத் திட்டிக்கொண்டே இருந்தாள். கைலி வச்சீங்களா, சோப்பு வச்சீங்களா, ஒரு வேல உருப்படியா செய்யத் தெரியுதா. அவரும் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். திருப்பூர் பஸ் நகர்ந்தபோது ஜன்னல் பக்கம் போகாமல், சின்னவனின் சட்டைப் பொத்தானைக் கழற்றிக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள்.