மாடசாமியின் ஓட்டக் கடிகாரம்

என் வீட்டுக்காரர் கருப்பையா மலேரியாவில் கிடந்தபோது, ஒரு காலை கதவுக் கொண்டியில் சின்னப் பொட்டலம் தொங்கியது. உள்ளே ஆறு கொய்னா மாத்திரை. மாரியம்மன்தான் தந்தாள் என்று கும்பிட்டேன். கீழே ரிங்லெட் ஊரில் கடை வைத்திருந்த மீரான் ராவுத்தர் சொல்லித்தான், ஒரு மாதம் கழித்துத் தெரிந்தது: பக்கத்து வீட்டு மாடசாமி தன் ஒரே கம்பளியைக் கொடுத்து வாங்கியிருக்கிறான்.

மாடசாமி எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தபால்காரன். கல்யாணம் ஆகாதவன். ரிங்லெட்டுக்கு ஓடியே போவான், ஓடியே வருவான். பின்லாந்து என்ற தேசத்தில் நூர்மி என்று ஒருவர் இருக்கிறாராம். கையில் கடிகாரத்தை வைத்துப் பார்த்துக்கொண்டே ஓடி, உலகத்தையே ஜெயித்தவராம். பேப்பரில் வந்த அவர் படத்தைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை காட்டியதிலிருந்து இவனுக்கும் அதே பைத்தியம். ஜப்பான்காரன் வருகிறான் என்று துரை கிளம்பியபோது, தன் ஓட்டக் கடிகாரத்தை இவனிடம் கொடுத்துவிட்டுப் போனார். தலையை அமுக்கினால் ஓடும், மறுபடி அமுக்கினால் நிற்கும். கொழுந்து எடுக்கும் பெண்கள், "நூர்மி வர்றாருடி, வழி விடுங்க" என்று கேலி செய்வார்கள். அவன் சிரித்துக்கொண்டே கடிகாரத்தைப் பார்ப்பான். யாரோடும் போட்டி போட்டதில்லை. நேற்றைய தன் நேரத்தோடுதான் அவனுக்குப் போட்டி.

நாற்பத்து மூன்றில் சயாமில் ரயில் பாதை போடும் வேலைக்கு ஜப்பான்காரர்கள் ஆள் கேட்டார்கள். வரிசை வீடுகள் கொண்ட எங்கள் லயத்தில் ஒருவர் போக வேண்டும். கங்காணி மாடசாமி பேரை எழுதினார். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு அவன் வராவிட்டால் அடுத்த வீட்டு ஆளை ஏற்றுவார்கள். அடுத்த வீடு எங்களுடையது. கருப்பையாவுக்குக் காய்ச்சல் திரும்பியிருந்தது. எழுந்து நிற்கவே சுவரைப் பிடிப்பார்.

"காட்டுக்குள்ள போயிருடா. உன் கால யாரு பிடிக்க முடியும்?" என்று லயமே அவனிடம் சொன்னது. போ என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரு என்று சொல்ல வாய் வரவில்லை. சாமி விளக்கின் முன்னால் உட்கார்ந்து, அவன் ஓடிவிடக் கூடாது தாயே என்று வேண்டிக்கொண்டேன். என் வாழ்க்கையில் எத்தனையோ கேட்டிருக்கிறேன். அவள் உடனே கொடுத்தது அது ஒன்றைத்தான்.

மறுநாள் பெரட்டில் பேர் கூப்பிட்டதும் மாடசாமி, "இருக்கேன் ஐயா" என்றான்.

லோரியில் ஏறும் முன் என்னிடம் வந்தான். எங்கள் வீட்டுப் பக்கம் ஒரு தரம் பார்த்தான். கருப்பையாவை விசாரித்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கடிகாரத்தின் தலையை அமுக்கி என் கையில் வைத்து, ஒன்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டான். அவன் சொன்னதை என்னால் செய்ய முடியவில்லை. கண்ணை மறைத்த நீரில் லோரி எப்போது கீழே போனது என்றே தெரியவில்லை. கடிகாரம் சாவி தீர்ந்து அதுவாகவே நின்றது.

சயாமுக்குப் போன எங்கள் தோட்டத்து ஆட்களில் இரண்டு பேர் திரும்பினார்கள். அவர்களில் மாடசாமி இல்லை.

கருப்பையா இன்றும் இருக்கிறார். விளக்கேற்றும் நேரமெல்லாம் அவன் அன்று சொன்னதுதான் காதில் கேட்கிறது.

"ரிங்லெட்டுக்கு எனக்கு முப்பத்தெட்டு நிமிசம் அக்கா. லோரி கீழ தெரியிற ரிங்லெட் வளைவத் தாண்டுறப்ப இத அமுக்கிடுங்க. யாரு வேகம்னு வந்து பாத்துக்கிறேன்."